பாலத்தில் எதிரே போனவர்கள்

கேள்வியோடு வந்த மாணவர் ஆசிரியையைவிட ஒன்பது வயது மூத்தவர். பெயர் கலியபெருமாள். நில அளவைத் துறையில் இருபத்தைந்து வருடம் சங்கிலி பிடித்துவிட்டு, புவியியல் பேராசிரியை மங்கையர்க்கரசியிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்.

முல்லைத்திட்டு என்ற கடற்கரைக் கிராமத்தை அவர் கணினிக்குள் கட்டியிருந்தார். வீடு, சந்து, வாய்க்கால், பாலம் எல்லாம் வரைபடத்தில் அடி பிசகாமல் இருந்தன. அதன்மேல் ஆயிரத்து எண்ணூறு புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள், வயதுக்கேற்ற நடை. புயல் எச்சரிக்கை கொடுத்தால் புள்ளிகள் தாமே வழி பார்த்து, பாலத்தைக் கடந்து, முப்பத்தெட்டு நிமிடத்தில் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. அதை நம்பித்தான் வாய்க்காலுக்கு அப்பால் அந்த மேட்டில் புயல் காப்பகம் கட்டினார்கள்.

கார்த்திகையில் ஒரு காலை நிஜப் புயல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். அப்படியும் பதினோரு பேர் செத்தார்கள். அத்தனை பேரும் பாலத்தடியில்.

"மேடம், நான் எங்க தப்பு பண்ணினேன்?"

வரைபடத்தைச் சரிபார்த்தாரா என்று கேட்டார் மங்கையர்க்கரசி. மூன்று தடவை பார்த்ததாகக் கலியபெருமாள் சொன்னார். நடை வேகத்தையும்தான். மறுநாள் காலை இருவரும் முல்லைத்திட்டுக்குப் பேருந்து ஏறினார்கள்.

காப்பக வாசலில் அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள். நடந்ததைச் சொல்லச் சொன்னார் ஆசிரியை. பிள்ளைகளோடு நேரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்களாம். பார்த்தால் மாமியாரைக் காணோம். புருஷன் திரும்பி ஓடினான். அப்படியே வீட்டுக்கு ஒருவர் தன் ஆளைத் தேடிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

"ஊரே இந்தப் பக்கம் வருது, இவங்க அந்தப் பக்கம் போறாங்க. பாலம் ரெண்டு ஆள் அகலம்தானே. தண்ணி ஏறும்போது யாராலயும் நகர முடியல."

மாமியார் என்ன ஆனார் என்று கலியபெருமாள் கேட்டார்.

"அவங்க முன்னாடியே வந்து உள் அறையில உக்காந்திருந்தாங்க."

திரும்பி வந்ததும் கலியபெருமாள் கணினி முன் உட்கார்ந்தார்.

ஒரு வாரம் வேலை பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் முதலில் தன் வீட்டாரைத் தேட வேண்டும், கிடைத்த பிறகே மேட்டில் நிற்க வேண்டும் என்று விதியை மாற்றினார். ஓட்டிப் பார்த்தார். பாலத்தில் புள்ளிகள் முட்டிக்கொண்டு நின்றன. முப்பத்துநான்கு சாவு. நூறு தடவை ஓட்டியும் முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

ஆசிரியையிடம் போனார். செத்தது பதினோரு பேர்தான், கணினி ஏறக்குறைய மூன்று மடங்கு காட்டுகிறது என்றார்.

"தேடிப் போற விதியைக் கொஞ்சம் தளர்த்தினா பதினொன்று வந்துடும் மேடம். தளர்த்தட்டுமா?"

"தண்ணியில விழுந்தவங்களை இன்னொருத்தர் இறங்கித் தூக்கலாம்னு உங்க விதியில இருக்கா?"

"இல்ல மேடம்."

"தளர்த்தினா பதினொன்று வந்துடும். அப்புறம் மத்த இருபத்துமூணு பேரை யார் தூக்கினாங்கன்னு நீங்க ஊருல போய்க் கேக்க மாட்டீங்க. அந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேர் அப்படித் தூக்க இறங்கினவங்கன்னும் கேக்க மாட்டீங்க."