இருபத்து மூன்றாம் பெட்டி

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. டெலிபோன் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர் தணிகாசலம். அவருக்கு மரகதவல்லி மேடம்தான் வழிகாட்டி. கல்லூரியில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

தேயிலை எஸ்டேட்டின் மேல்சரிவில் இவர்கள் அறுபது சின்னப் பெட்டிகளை நட்டு வைத்திருந்தார்கள். மண் நகர்ந்தால் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும். செய்தி கம்பியில்லாமல் கைமாறிக் கைமாறிக் கீழே வந்து, தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சங்கு ஊதும். அங்கே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருந்தார்கள்.

மழைக்காலம் முடியும்வரை பேட்டரி தாங்க வேண்டும். தணிகாசலம் ராத்தூக்கம் கெட்டு, மிகக் குறைந்த பேட்டரி செலவில் செய்தி இறங்கும் வழியைக் கண்டுபிடித்து, எப்போதும் அந்த வழியிலேயே இறங்கும்படி செய்துவிட்டார்.

எஸ்டேட் ஆபீசில் வைத்துக் கேட்டார்.

"மூணு மாசம் ஆச்சு மேடம். சராசரியா எண்பத்தொரு சதவீதம் மிச்சம் இருக்கு. இதைவிட நல்ல வழி உண்டா?"

"மேல போய்ப் பாக்கலாம்," என்றார் மேடம்.

மறுநாளிலிருந்து கனமழை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

எஸ்டேட் ஆட்கள் மூன்று பேர் கைவீசிக்கொண்டு கூட வந்தார்கள். கருவிப் பை, சுமை தூக்க வந்த எஸ்டேட் தொழிலாளி செசிலியின் தலையில் இருந்தது.

"அறுபது பெட்டியையும் இவங்கதான் மேல சேர்த்தாங்க," என்றார் தணிகாசலம் பெருமையாக. "இவங்கள மாதிரி மலை ஏற யாராலயும் முடியாது."

"முட்டி ரொம்ப வலிக்குது சார். போன வாரமே சொன்னேன்," என்றாள் செசிலி.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்."

உச்சியில் மேடம் குனிந்து ஒரு பெட்டியைப் பிடித்து உலுக்கினார். எல்லோரும் கீழ்ப்பக்கம் காது கொடுத்தார்கள். சங்கு ஊதவில்லை. அடுத்ததை உலுக்கினார். அதற்கடுத்ததையும் உலுக்கினார். கீழே லைன் வீட்டு வாசலில் ஒரு பெண் தன் பாட்டுக்குத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். சரிவில் இறங்கியபடி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மீட்டர் வைத்தார். எல்லாவற்றிலும் சார்ஜ் நிறைய இருந்தது. இருபத்து மூன்றாம் பெட்டியில் மட்டும் முள் அசையவில்லை.

"இந்த ஒண்ணுதான் மேடம். பேட்டரி கெட்டுப் போச்சு போல."

"நூறு செய்தியில தொண்ணூறு இது வழியாத்தான் போயிருக்கு."

"நல்ல இடத்துல நிக்குது மேடம். ஒரு மறைப்பும் இல்ல. இது வழியா அனுப்பினாத்தான் செலவு குறைவு."

"ஆமா."

தணிகாசலம் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு மழை. இன்னிக்கு நாம வரலேன்னா..."

மேடம் கீழே லைன் வீடுகளைப் பார்த்தார். துணி காயப்போட்ட பெண் வீட்டுக்குள் போய்விட்டாள்.

"அணையுறதுக்கு முன்னாடி ஒரு தகவல் குடுத்திருக்கலாம்ல, இந்தப் பாழாப்போன பெட்டி?"

மேடம் போனை நீட்டினார். தினமும் மாலையில் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். இருபத்து மூன்றின் வரிசையில் முப்பத்தொன்று, இருபது, ஒன்பது என்று இருந்தது. நேற்று இரண்டு.

"சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்க சராசரிய மட்டும் பாத்தீங்க."

தணிகாசலம் சட்டென்று எழுந்தார்.

"செசிலி, கீழ ஜீப்புல புது பேட்டரி இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க."

மூன்று ஆட்களும் பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். செசிலி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மேடம் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார்.

"இவங்களும் போன வாரமே சொன்னாங்க, சார்."