ஐந்து கை பட்ட குழம்பு

முன்னொரு காலத்திலே, ஆறு பாய்கிற நாடு ஒன்றைக் கீர்த்திவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் புத்தி ஓர் இடத்தில் நிற்காது. காலையில் தும்மல் வந்தால், "இன்றைக்கு ஒருத்தரும் சங்கு ஊதக்கூடாது" என்பார். சாயங்காலம், "சங்குச் சத்தத்தைக் காணோமே?" என்று கத்துவார்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் மோசம். முப்பது வருஷமாக எதை வைத்தாலும், "இதை மனுஷன் தின்பானா?" என்று தள்ளிவிடுவார். அரண்மனைச் சமையல்காரர்கள், பாவம், திட்டு வாங்கியே தேய்ந்துபோனார்கள்.

ஒரு நாள் வேட்டைக்குப் போன ராஜா, மழையில் மாட்டிக்கொண்டு பரிசல்காரி அங்காயியின் குடிசையில் ஒதுங்கினார். அவளிடம் இருந்தது மூணு முட்டை, நாலு உருளைக்கிழங்கு. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு ஏது என்று என்னை மடக்காதீர்கள். என் கதையில் உண்டு, பேசாமல் இலையைப் போடுங்கள்.

அங்காயி சின்ன வெங்காயத்தை வதக்கி, மிளகும் மல்லியும் அரைத்து ஊற்றி, கொதிக்கிற குழம்பிலேயே முட்டையை உடைத்து விட்டாள். கிழங்கைப் பொடியாக நறுக்கி, இரும்புச் சட்டியில் முறுக வறுத்தாள். இறக்கியது அப்படியே இலைக்குப் போனது. ராஜா ஊதி ஊதித் தின்றார். நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றார். சட்டியையும் வழித்துத் தின்றார்.

"அங்காயி, என் ஆயுசில் இப்படிச் சாப்பிட்டதில்லை. நாளைக்கு அரண்மனைக்கு வந்து இதையே செய்து போடு!"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடைப்பள்ளி அதிகாரி ஏகாம்பரனாருக்கோ வயிறு எரிந்தது. பரிசல்காரியின் சமையல் ராஜாவுக்குப் பிடித்துவிட்டால் தன் மரியாதை என்னாவது?

மறுநாள் அங்காயி அதே குழம்பு, அதே வறுவல் செய்து அனுப்பினாள். ராஜா ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. அவளைக் கூப்பிட்டு, "இது அது இல்லையே!" என்றார்.

"பிரபு, அன்றைக்கு இவள் மருந்து வைத்துத் தங்களை மயக்கியிருக்கிறாள்" என்றார் ஏகாம்பரனார். "இப்படிப்பட்டவள் கையில் பரிசல் துறையை விடலாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நாளை மதியம் அதே ருசி வர வேண்டும். வராவிட்டால் பரிசலும் துறையும் உனக்கு இல்லை!"

அந்தப் பரிசல்தான் அங்காயிக்குச் சோறு. மடைப்பள்ளிக்குத் திரும்பி வந்த பொற்கிண்ணத்தில், மிச்சக் குழம்பில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. உப்புக் கரித்தது, கூடவே இனித்தது.

"ஐயையோ, நான் சர்க்கரையே போடலையே!"

தலைமைச் சமையல்காரர் சோணையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கேருந்து ராசா இலைக்கு அஞ்சு வாசல், தாயி. வாசலுக்கு ஒரு அதிகாரி, ஒருத்தரும் உள்ளே என்னன்னு பாக்க மாட்டாங்க. எல்லாம் ஏகாம்பரனார் ஏற்பாடு. விஷம் பாக்கிறவருக்கு உயிர்மேல ஆசை, தூர நின்னு மோந்துட்டு விட்டுடுவார். அடுத்தவர் உப்புப் போடுவார். போடலைன்னா வேலை செய்யலைன்னு ஆயிடுமே! அதுக்கடுத்தவர் மிளகு. நாலாமவர் மங்களத்துக்குச் சர்க்கரை. அஞ்சாமவர் நெய்யை ஊத்தி, ராசாவோட பட்டப்பேர் முப்பத்திரண்டையும் பாடி முடிச்சுத்தான் உள்ளே விடுவார். ராசா தள்ளிவிட்டு ஆறித் திரும்புறதைத்தான் முப்பது வருசமா நான் திங்கிறேன்."

"நீங்க ராசாகிட்ட சொல்லலையா அண்ணே?"

"அஞ்சு தலைப்பாகைக்கு முன்னாடி ஒரு கரண்டி பேசினா எடுபடுமா?"

அங்காயி அடுப்பைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

மறுநாள் மதியம் சபை கூடியிருந்தது. மூடிய பொற்கிண்ணம் கிளம்பியது. வாசல் வாசலாகக் குரல் வந்தது. "விஷமில்லை!" "உப்பு சரி!" "காரம் சரி!" "மங்களம்!" அப்புறம் நெய், அப்புறம் பட்டப்பெயர் முப்பத்திரண்டு. ராஜாவுக்கே கொட்டாவி வந்தது.

"ஐயாமார் நல்லாச் சோதிச்சாங்களா?" என்று பணிவாகக் கேட்டாள் அங்காயி.

"ஒரு சொட்டு விடாமல் சோதித்தார்கள்! இனிக் குறை இருந்தால் அது உன் குறைதான்" என்றார் ஏகாம்பரனார்.

ராஜா மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர்! மேலே மிளகு மிதந்தது, நெய் உறைந்து கிடந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். "என்ன கண்றாவி இது?"

"மகாராசா, நான் வெச்சு அனுப்பினது கொதிக்கிற வெந்நீர். வேற ஒண்ணும் போடலை. மத்ததெல்லாம் ஐயாமார் போட்டது. நேத்து என் குழம்புலயும் இதைத்தான் போட்டாங்க. ஆற வெச்சதும் அவங்கதான்."

ராஜா ஏகாம்பரனாரைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ குழம்பு எங்கே?"

"அடுப்புல கொதிக்குது. அதுக்கு அஞ்சு வாசல் தாண்டி வரத் தெரியாது. நீங்க வந்தா ஆச்சு."

ராஜா எழுந்து நடந்தார். மடைப்பள்ளிக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். பலகையில் உட்கார்ந்து, முட்டைக் குழம்பையும் மொறுமொறுவென்ற கிழங்கையும் ஊதி ஊதித் தின்றார். பக்கத்து அடுப்பில் சோணையனின் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. "அதையும் ஊற்று" என்றார். ஒரு வாய் வைத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"சோணையா, முப்பது வருஷமாக எனக்கு இதையா அனுப்பினாய்?"

"ஆமாம் பிரபு."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏகாம்பரனாரே! இனிமேல் கிண்ணத்தை நீர்தான் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். ஆறிப்போனால் அதை நீரே தின்ன வேண்டும். அங்காயி, அந்தத் துறை உனக்கும் உன் பரம்பரைக்கும். நீ மட்டும் வராமல் இருந்திருந்தால், இந்தச் சோணையன் கைகளைத் திட்டியே நான் செத்திருப்பேன் அம்மா."

பிறகு சோணையனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். சோணையன் ஒரு வாய் வைத்தார். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னப்பா, காரமா?" என்றார் ராஜா.

"இல்லை பிரபு" என்றார் சோணையன். "சூடா இருக்கு."

அங்காயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முட்டையை உடைத்து விட்டாள்.