பெருந்தச்சர் வாசித்த ஓலை

நெடுங்கரை மன்னர் வீரகேசரி ஒரு பள்ளி கட்டுவித்தார். கட்டியவர் பெருந்தச்சர் அம்பலவாணர். ராஜவீதியில் செல்வோர் வாய்பிளக்க வேண்டுமென்று மேற்கே மட்டும் ஆளுயரச் சாளரங்களை வைத்தார். மற்ற மூன்று பக்கமும் குருட்டுச் சுவர். அவற்றில் தம் முன்னோர் ஒன்பதின்மரின் உருவங்களைத் தீட்டச் செய்தார். ஆண்டு முழுதும் வெயில் கொட்டும் நாட்டில், அப்பள்ளிக்குள் காலையில் இருட்டு. பிற்பகலில் கண்ணைக் குத்தும் வெயில். அரசவையோ அதனை அற்புதம் என்றது. அவையினருள் ஒருவரும் உள்ளே அரை நாழிகை அமர்ந்ததில்லை.

ஒருநாள் காலை மன்னர் வந்து சோதித்தபோது, நாற்பது குழந்தைகளுள் ஒருவரும் ஓலையை வாசிக்கவில்லை.

"கட்டடத்தில் குறையில்லை, மன்னா. ஆசிரியர் ஆதனார்தாம் சோம்பேறி. அவரை நீக்கிவிடுங்கள்" என்றார் அம்பலவாணர்.

"இருட்டில் எழுத்துத் தெரியவில்லை, அரசே" என்றார் ஆதனார்.

"தெரியவில்லையென்றால் விளக்கேற்றும். கூசினால் திரை போடும். இதுகூடவா நான் சொல்லித்தர வேண்டும்?"

மன்னர் மறுநாள் தீர்ப்பளிப்பதாகக் கூறிச் சென்றார்.

இருபதாண்டு பாடம் சொன்னவர் ஒரு சுவரின் பொருட்டு வெளியேறுவதா என்று அமைச்சர் சேந்தனாருக்கு எரிச்சல் மூண்டது. அன்றே ஓர் ஓலையில் எழுத்தாணியால் நான்கு வரிகள் கீறினார். குழந்தைகளின் ஓலையைப் போலவே அதற்கும், கீறல் எடுப்பாய்த் தெரிய மை தடவவில்லை. படித்துப் பார்த்த மன்னரின் மீசை சிரிப்பில் துடித்தது. உடனே முத்திரையிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் பள்ளியில் கூடினர்.

"பெருந்தச்சரே, கடைசி வரிசையில் அமர்ந்து இந்த அரசாணையை வாசியும்" என்றார் சேந்தனார்.

அம்பலவாணர் ஓலையை மூக்கருகே பிடித்தார், தூரத்தே நீட்டினார். எழுத்தொன்றும் புலப்படவில்லை. விரலுக்குத் தட்டுப்பட்டது முத்திரை மட்டுமே. தெரியவில்லை என்றால் ஆதனார் வென்றுவிடுவார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்பள்ளியைக் கட்டிய ஒப்பற்ற அம்பலவாணருக்குப் பல்லக்கும் பட்டாடையும் வழங்குகிறோம்..."

"நன்றாக வாசிக்கிறீர். மேலே?"

"புதிய கொலுமண்டபத்தையும் இவரே கட்டுவார்."

மன்னர் ஓலையை வாங்கி ஆதனாரிடம் கொடுத்தார். அவர் முற்றத்து வெளிச்சத்தில் நின்று உரக்கப் படித்தார்:

"இவ்வோலையை இவ்வறையில் பிழையின்றி வாசிக்க இயலாதவர், இயலும் நாள்வரை, காலை முதல் மாலைவரை இதே இடத்தில் அமர்ந்து பயில்வாராக. விளக்கும் திரையும் கூடா."

அம்பலவாணரின் முகம் வெளிறியது.

"மன்னா, இது அநியாயம். இந்த இருட்டில் எவரால் வாசிக்க இயலும்?"

"அதைத்தானே குழந்தைகளும் கூறினார்கள்" என்றார் சேந்தனார். "அவர்கள் பாவம், சுவரை இடிக்கத் தெரியாதவர்கள். உமக்கு அந்தக் குறையில்லையே."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஐந்தே நாளில் வடக்கிலும் தெற்கிலும் ஆறு முன்னோர் இருந்த இடத்தில் ஆறு சாளரங்கள் திறந்தன. மேற்கு வெயிலை மறைக்கத் தாழ்வாரம் இறங்கியது. ஆறாம் நாள் அம்பலவாணர் தம் தண்டனையைப் பிழையின்றி வாசித்து விடுதலை பெற்றார்.

வாசலில் பல்லக்கொன்று நின்றது. ஆவலோடு அருகில் சென்றார்.

"அது ஆதனாருக்கு" என்றார் சேந்தனார். "உம்முடையது அன்று இருட்டில் நீர் வாசித்த ஓலையில் இருக்கிறது."