குழிக்குப் போகாத குதிரைகள்

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கும் பேச்சு இருந்தது. எகிப்துக்குத் தெற்கே, நைல் நதி வளைந்து ஓடும் கூஷ் நாட்டில், குதிரைகள் நாய்களைப் போலக் கால் நீட்டிப் படுத்துத்தான் தூங்கின. அரசன் மலோதேக்கனுக்கு அதுவே பெரிய ரோதனை.

அவன் ஆண்ட காலம் முழுவதும் இதே கதைதான். எல்லையில் பகைவன் என்று செய்தி வரும். அரசன் லாயத்துக்கு ஓடுவான். குதிரைகள் ஒவ்வொன்றாக எழுந்து, உடம்பை உதறி, கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் பகைவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்திருப்பான்.

முதுமையில் அவன் நோயில் விழுந்தான். தன் பிரமிடுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டச் சொன்னான்.

"அது எதற்கு, அரசே?" என்று கேட்டது நெமா. லாயத்தின் மூத்த பெட்டைக் குதிரை அது.

"உங்களுக்குத்தான். நான் செத்ததும் உங்கள் எல்லோரையும் நிற்கவைத்தே புதைப்பார்கள். மேலுலகத்திலாவது கூப்பிட்டவுடன் கிளம்புவீர்கள் அல்லவா?"

நெமாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நிற்பதுதானே வேண்டும்? இன்றிலிருந்து நின்றுகொண்டே தூங்குகிறோம். எங்களை விட்டுவிடுங்கள்."

"நீங்களா!" என்று சிரித்த அரசனுக்கு இருமல் வந்துவிட்டது. "சரி, பார்ப்போம். நான் சாகும்வரை ஒன்றுகூடப் படுக்காவிட்டால், கல்லில் செதுக்கிய குதிரைகளே எனக்குப் போதும். ஒன்று படுத்தாலும் எல்லோருக்கும் குழிதான்."

குதிரைகள் முழங்காலை இறுக்கிக்கொண்டு தூங்கப் பழகின. தள்ளாடின, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. அரசனோ சாகிற வழியாக இல்லை. வேளைகெட்ட வேளையில் கட்டிலோடு தூக்கிவரச் சொல்லி எட்டிப் பார்ப்பான்.

"இன்னுமா நிற்கிறீர்கள்?"

"இன்னுமா இருக்கிறீர்கள்?" என்று நெமா முணுமுணுக்கும்.

ஒரு மத்தியானம் நெமாவின் குட்டி தாங்க முடியாமல் சரிந்து படுத்துவிட்டது. அந்நேரம் பார்த்துக் கட்டில் வாசலுக்கு வந்தது. நெமா சட்டென்று குட்டியை மறைத்துக் குறுக்கே நின்றது.

"நகர்ந்து நில்!" என்றான் அரசன்.

"நிற்கத்தானே சொன்னீர்கள்? நகரச் சொல்லவில்லையே."

அரசன் வெகுநேரம் பார்த்தான். வைக்கோலில் நீண்டிருந்த சின்னக் குளம்பு அவன் கண்ணில் பட்டதோ, என்னவோ. "உன்னோடு மாரடிக்க என்னால் முடியாது. தூக்குங்கடா கட்டிலை!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சீக்கிரமே அவன் இறந்தான். கல் குதிரைகளோடு அவனைப் பிரமிடின் அடியில் புதைத்தார்கள். பக்கத்துக் குழியை மூடச் சொல்ல மட்டும் மறந்துவிட்டுப் போயிருந்தான், அந்த மனுஷன்.

அன்றிலிருந்துதான் குதிரை நின்றபடியே தூங்குகிறது. அசதியில் ஒன்று படுத்தாலும், பக்கத்தில் இன்னொன்று படுக்காமல் காவல் நிற்கிறது. அந்தக் குழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது என்று அதற்கு நினைப்பு.