டோலக் வாசித்தது யார்

திண்டுக்கல்லில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஓர் அறையில் தமயந்தி டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த அறையில் பாட்டுப் பதிவு செய்வார். கீழே டயருக்குக் காற்றடித்தால் மேலே பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவரிடம் வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அந்தக் காத்திருப்பைத்தான்.

இன்னாசிமுத்து அவருடைய மாணவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். ஆனாலும் செருப்பை வாசலில் கழற்றும்போதே குரலையும் தணித்துக்கொள்வார்.

அவர் தன் வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு பாட்டு. சிறுமலைக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிய பாட்டு. வார்த்தைகளும் மெட்டும் அவருடையவை. ஒரு வரி பாடி நிறுத்துவார். டோலக் பதில் சொல்லும். கண்டக்டர் விசில் கொடுக்க, டிரைவர் ஹாரன் அடிப்பதைப் போல. டோலக் வாசித்தவர் வீரணன். அதே பஸ்ஸில் பல வருடங்கள் டிரைவராக இருந்தவர்.

பாட்டைப் பதிவு செய்து சில மாதங்கள் ஆகிவிட்டன. அது ஊர் தாண்டி ஒலிக்க வேண்டும் என்பது இன்னாசிமுத்துவின் ஆசை. ஆனால் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிற ஆப்கள் தனி ஆளிடம் பாட்டு வாங்குவதில்லை. நடுவில் ஒரு கம்பெனி வேண்டும். நாம் கொடுக்கிற பாட்டை அந்தக் கம்பெனி எல்லா ஆப்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படிப்பட்ட கம்பெனிகள் நிறைய இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், அஞ்சு கம்பெனியை அலசிட்டேன். இதுல எது நல்ல கம்பெனின்னு நீங்கதான் சொல்லணும்."

"அதான் நீங்களே அலசிட்டீங்களே, அண்ணே."

"அலசிட்டேன். பிழியத் தெரியலை."

டீச்சர் சிரித்தார். "சரி, சொல்லுங்க."

"முதல் கம்பெனிக்கு வருசா வருசம் சந்தா. சாயங்காலம் பாட்டைக் கொடுத்தா மறுநாள் ஆப்ல வந்துரும். சந்தா கட்டலைன்னா இறக்கி விட்டுருவான். ரெண்டாவது கம்பெனி சந்தா கேக்க மாட்டான். வர்றதுல பங்கு எடுத்துக்குவான். நாலாவது கம்பெனி, நான் பேரே கேள்விப்படாத தேசத்துக்கெல்லாம் பாட்டை அனுப்புவான். அஞ்சாவதுல எல்லாம் சரி, ஆனா நாம என்ன எழுதினாலும் 'உங்கள் கேள்விக்கு நன்றி'ன்னு மட்டும் பதில் வரும். மனுசன் இருக்கானா இல்லையான்னே தெரியலை."

"மூணாவதை விட்டுட்டீங்க."

"அதைச் சேர்க்கவே வேண்டாம், டீச்சர். நச்சரிப்புக் கம்பெனி."

"என்ன செஞ்சாங்க?"

"பாட்டு எழுதினது யாருன்னான். நான்தான்னேன். மெட்டுப் போட்டது யாருன்னான். அதுவும் நான்தான்னேன். அத்தோட விட வேண்டாமா? பாட்டுல டோலக் கேக்குதே, அதை வாசிச்சது யாருங்கிறான்."

"கேட்டது தப்பா?"

"அவரு பேரு வேணுமாம். அவரு சம்மதம் வேணுமாம். அது வராம பாட்டை அனுப்ப மாட்டானாம். மெயிலுக்கு மேல மெயில். செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட என்னை இப்படிக் குடைஞ்சதில்லை."

"மத்த நாலு கம்பெனியும் கேக்கலையா?"

"ஒரு சின்னக் கட்டம் இருக்கும், டீச்சர். 'இதில் உள்ளது எல்லாம் என்னுடையது'ன்னு பக்கத்துல எழுதியிருக்கும். அதுல ஒரு டிக் அடிச்சாப் போதும். போலாம், ரைட்!"

"அடிச்சிட்டீங்களா?"

"எதுல அடிக்கன்னு கேக்கத்தானே வந்திருக்கேன்."

கீழே காற்றடிக்கிற மோட்டார் ஓட ஆரம்பித்தது. அது நின்ற பிறகு டீச்சர் கேட்டார்.

"வீரணன் அண்ணன் எப்படி இருக்காரு?"

இன்னாசிமுத்து சுவரைப் பார்த்தார்.

பதிவு முடிந்த கொஞ்ச நாளில் வீரணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு பிறகு கூடிவிட்டது, விரல்கள் மட்டும் பழையபடி மடங்கவில்லை. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே இன்னாசிமுத்துவின் ஓய்வு விழா வந்தது. டெப்போவில் பந்தல் போட்டு ஒலிபெருக்கியில் பாட்டை ஓட விட்டார்கள். பாட்டு முடிந்ததும் இன்னாசிமுத்து மைக்கை வாங்கி, "இது என் பாட்டு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வீரணன் கட்டுப் போட்ட கையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் அவரைக் காணவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"நல்லாத்தான் இருப்பான்," என்றார் இன்னாசிமுத்து.

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எதையோ அழுத்தினார்.

"கேளுங்க, அண்ணே."

பாட்டு ஓடியது. இன்னாசிமுத்துவின் குரல் மட்டும் வந்தது. டோலக் இல்லை.

"என்ன டீச்சர், அவன் சத்தத்தைக் காணோம்?"

"எடுத்துட்டேன். இப்ப இதுல இருக்கிறது எல்லாம் உங்களுடையது. அஞ்சுல எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் அனுப்பலாம். ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

முதல் வரி முடிந்தது. குரல் நின்றது. பதில் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பிறகு அடுத்த வரி. மறுபடியும் குரல் நின்றது. மறுபடியும் ஒன்றும் வரவில்லை.

இன்னாசிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு குனிந்துகொண்டார்.

"நிறுத்துங்க, டீச்சர். ஒவ்வொரு ஸ்டாப்லயும் வண்டியை நிறுத்தி, ஏற ஆளில்லாம கிளம்புற மாதிரி இருக்கு."

டீச்சர் நிறுத்தினார்.

"வேற ஒருத்தரை வெச்சு வாசிக்கலாம். நம்ம ஊர்ல டோலக் வாசிக்க ஆள் இருக்காங்க," என்றார்.

இன்னாசிமுத்து தலையை அசைத்து மறுத்தார்.

"வேண்டாம். அது வேற வண்டி ஆயிரும்."

"சரி."

"அப்ப அந்த நச்சரிப்புக் கம்பெனிதான் நல்ல கம்பெனியா?"

"அவங்க கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே."

"பதில் தெரிஞ்சதுதானே. வீரணன்."

"அது பேரு, அண்ணே. சம்மதத்தையும் கேட்டாங்களே."

இன்னாசிமுத்து எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள அன்று அவருக்கு நேரம் பிடித்தது.

வீரணன் வீடு நாகல் நகரில். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன பயிற்சி. பந்து அமுங்கவில்லை.

"யாரு, கண்டக்டரா? இந்தப் பக்கம் ரூட் கிடையாதே."

"ரூட் மாத்திட்டாங்க."

"யாரு மாத்தினது?"

"ஒரு கம்பெனி."

இன்னாசிமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து கம்பெனிகளைச் சொன்னார். கட்டத்தைச் சொன்னார். மூன்றாவது கம்பெனி கேட்ட கேள்வியையும் சொன்னார். வீரணன் பந்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவனுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவன் டோலக் வாசிச்சது யாருன்னு கேக்குறான். தெரிஞ்சவன் மைக்கைப் பிடிச்சு என் பாட்டுங்கிறான்."

"மைக் கைக்கு வந்ததும் மறந்துபோச்சுடா."

"சர்வீஸ்ல ஒரு நாளாவது டிக்கெட் கொடுக்க மறந்திருக்கியா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

வீரணன் கொஞ்ச நேரம் அவரை அப்படியே நிற்க விட்டார். பிறகு காலால் இன்னொரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காரு. பாட்டைப் போடு."

கைப்பேசியில் பாட்டு ஓடியது. வீரணன் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை தொடையில் தாளம் போட்டது. இரண்டாவது சரணத்தில் கை நின்றது.

"இன்னொரு தடவை."

இன்னாசிமுத்து மறுபடியும் போட்டார். அதே இடத்தில் கை நின்றது. வீரணன் கண்ணைத் திறந்தார்.

"முடியாது."

"என்ன முடியாது?"

"சம்மதம் கிடையாது. இது இப்படி வெளியே போக வேண்டாம்."

"அன்னைக்கு மைக்ல சொல்லாததுக்காகவா? இந்தப் பாட்டுக்கு மேல உன் பேரைப் பெரிசா போடச் சொல்றேன். என் பேருக்கு முன்னாலகூடப் போடச் சொல்றேன்டா."

"அது நீ வந்து உக்காந்தப்பவே முடிஞ்சுபோச்சு. இது வேற. ரெண்டாவது சரணத்துல நீ முந்திட்ட."

"எங்கே?"

"நான் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ அடுத்த வரிக்குப் போயிட்ட. உன் பாட்டு ஓடிருச்சு, என் அடி பின்னால வருது. கேக்குறவன் டோலக்காரன் பிந்திட்டான்னு நினைப்பான்."

"ஒரு இமைக்கிற நேரம் இருக்குமா? யாருக்குடா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். நீ பஸ்லயும் இப்படித்தானே. கிழவி ஒரு காலைப் படியில வெச்சிருக்கும். இன்னொரு கால் ரோட்டுல இருக்கும். நீ ரெண்டு விசில் கொடுத்துருவ. நான் கண்ணாடியைப் பாத்து ஓட்டினதாலதான் சிறுமலைக் கிழவிங்க பாதிப் பேரு உசுரோட இருக்கு."

இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீரணனும் சிரித்தார்.

"பாட்டுப் பாடினப்ப கண்ணாடி இல்லை," என்றார் வீரணன். "உன்னை ஒரு ரூம்ல உக்கார வெச்சாங்க, என்னை ஒரு ரூம்ல. நீ கிளம்பினது எனக்குத் தெரியலை."

பிறகு வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் பாதி மடங்கி நின்றன.

"இந்தக் கை இனிமே வாசிக்காது. நான் வாசிச்சதுன்னு சொல்ல உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு. இதுல நான் பிந்தினவனா இருக்க மாட்டேன்."

இன்னாசிமுத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சிட்டுப் போ," என்றார் வீரணன்.

இன்னாசிமுத்து டயர்க் கடைக்குத் திரும்பி மாடி ஏறியபோது டீச்சர் வயர்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்னுட்டான், டீச்சர்."

"ம்."

"பழைய கோபம்னு நினைச்சேன். அது இல்லை. ரெண்டாவது சரணத்துல நான் முந்திட்டேனாம்."

"ஆமா."

"ஆமாவா? உங்களுக்குத் தெரியுமா?"

"பாடி முடிச்சதும் இன்னொரு தடவை போகலாமான்னு கேட்டேன். அவரு சரின்னாரு. நீங்க போதும்னுட்டீங்க."

இன்னாசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவன் வாசிச்சது அப்படியே இருக்கட்டும். நான் மட்டும் திரும்பப் பாடலாமா?"

"பாடலாம். அவரு அடிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க நிக்கணும்."

"நின்னு பாடினா, திரும்ப அவன்கிட்ட கொண்டுபோய்க் காட்டணும்."

"ஆமா."

"திரும்பவும் மாட்டேன்னு சொல்லலாம்."

"சொல்லலாம்."

"திரும்பவும் பாடணும்."

டீச்சர் கடைசி வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

இன்னாசிமுத்துவுக்கு அலுப்பாக வந்தது. கையிலிருந்த கைப்பேசியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முதல் கம்பெனியில அந்தக் கட்டத்துல டிக் அடிச்சிருந்தா, நாளைக்குக் காலையில உலகம் பூராவும் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கும், டீச்சர்."

"ஆமா, அண்ணே," என்றார் தமயந்தி டீச்சர். "வீரணன் அண்ணனும் கேட்டிருப்பாரு."