மோவாய்த் தழும்பு

"மூணு மாசம் ஆச்சு டீச்சர். எனக்கு எப்ப வரையுற பேனாவைக் கையில தருவீங்க?"

கேட்டவர் பூவலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. டீச்சர் ஜெபக்கனிக்கு முப்பத்திரண்டு.

ஜெபக்கனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க கை நடுங்கும்போது தர்றேன், அண்ணாச்சி."

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"இந்தக் கை நடுங்காது. முப்பது வருஷம் கல்யாண வீட்டுல கேமரா பிடிச்ச கை. பிலிம் காலத்துல நெகட்டிவ் மேல பென்சில் வச்சுப் பரு மறைச்ச கை."

"தெரியும்," என்றாள் அவள். "அதான் தரலை."

அரசு ஆஸ்பத்திரியின் பிணவறைக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. ஒரு சன்னல், ஒரு கம்ப்யூட்டர், அதில் வரைய ஒரு பலகையும் பேனாவும், ஒரு பிரிண்டர், வாசலில் ஒரு போர்டு.

அந்த ஊரைத் தண்டவாளம் இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. மாதம் நாலைந்து பேர் அதில் போய்ச் சேருகிறார்கள். சிலருடைய சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கும். சிலருக்குச் சட்டையே இருக்காது.

பெயர் தெரியாதவர்களின் போட்டோ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஜெபக்கனிக்கு வரும். அவள் காயத்தை மூடுவாள். கண்ணைத் திறப்பாள். தலையை வாரிவிடுவாள். பெற்றவர்கள் பார்க்கக்கூடிய ஒரு முகமாக அதை ஆக்கி, அச்செடுத்து, வாசல் போர்டில் ஒட்டுவாள்.

ஆளைத் தொலைத்தவர்கள் வந்து பார்ப்பார்கள். கண்டுபிடித்தவர்கள் உடலோடு திரும்பிப் போவார்கள். கண்டுபிடிக்காதவர்கள் நம்பிக்கையோடு திரும்பிப் போவார்கள். இரண்டில் எது நல்லது என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை.

பூவலிங்கம் ஸ்டுடியோவை மருமகனிடம் விட்டுவிட்டு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்தவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. மணப்பெண்ணின் பருமேல் ஒரு வட்டத்தை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பரு காணாமல் போகும். அதை வைத்துக்கொண்டு மீதியையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தார்.

நல்ல மனுஷன்தான். கொஞ்சம் அவசரக்காரர்.

முதல் மாதம் முழுவதும் பெரிதாக்கிப் பார்ப்பது மட்டும்தான் பாடம்.

"பெருசாக்குங்க அண்ணாச்சி. இன்னும். இன்னும். என்ன தெரியுது?"

"கட்டம் கட்டமா இருக்கு."

"முகம்?"

"காணோம்."

"வெளிய வாங்க."

முகம் வந்தது.

"எந்தக் கட்டத்துல இருந்துச்சு?"

பூவலிங்கம் வீட்டுக்குப் போய் மகளிடம், "அந்தப் பொண்ணு ஒரு மாதிரி," என்றார்.

இரண்டாம் மாதம் லேயர்.

"லேயர்னா கண்ணாடித் தாள் மாதிரி. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாம். கண்ணு வரையணுமா, அதுக்கு ஒரு தாள். முடி வரையணுமா, அதுக்கு வேற தாள். எல்லாத்துக்கும் பேர் எழுதுங்க. அடியில இருக்கிற போட்டோவை மட்டும் தொடக் கூடாது."

"எல்லாம் ஒரே தாள்ல போட்டா என்ன டீச்சர்? வேலை சீக்கிரம் முடியும்."

அவர் முன்னால் டீ இருந்தது. ஜெபக்கனி அதில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள்.

"ஐயோ, எனக்குச் சுகர் இருக்கு!"

"சர்க்கரையை எடுத்துட்டுக் குடிங்க."

அன்று பூவலிங்கம் டீ குடிக்கவில்லை.

மூன்றாம் மாதம் அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"தப்பு பண்ணினாத்தான் என்ன? கண்ட்ரோல் இசட் அடிச்சா சரியாப் போச்சு."

"அம்பது படி பின்னால போகலாம்."

"அம்பது போதுமே!"

"பைலை மூடிட்டா ஒரு படி கூடக் கிடையாது."

பூவலிங்கம் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதோடு சரி.

ஒரு வியாழக்கிழமை காலை ஜெபக்கனி ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். திரையில் ஓர் இளைஞனின் முகம் இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து அதை முடித்திருந்தாள்.

"பிரிண்ட் எடுத்து போர்டுல ஒட்டிருங்க அண்ணாச்சி. வேற எதையும் தொட வேண்டாம். நாளைக்குக் காலையில புதைக்கக் கொண்டு போறாங்க. இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"இது கூடவா தெரியாது எனக்கு?" என்றார் பூவலிங்கம்.

பிரிண்டர் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. பைல் கனமாக இருந்தது. இருபது தாள்களுக்கு மேல் அடுக்கியிருந்தாள். பூவலிங்கம் எல்லாவற்றையும் ஒரே தாளாக ஒட்டினார். பைல் லேசாகிவிட்டது.

அப்போதுதான் அதைப் பார்த்தார்.

முகம் நன்றாக வந்திருந்தது. அடர்த்தியான முடி. தூங்கி எழுந்தது போன்ற கண். ஆனால் உதட்டுக்குக் கீழே, மோவாயில், கோணலாக ஒரு கோடு. கோட்டின் குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள்.

பூவலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பையன்மேல் அவருக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது.

"போற பிள்ளை. அழகாப் போகட்டும்."

வட்டத்தை வைத்தார். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. தோல் மொழுமொழுவென்று ஆனது.

சேமித்தார். மூடினார். அச்செடுத்தார். உயரம், சட்டை நிறம் எல்லாம் எழுதியிருந்த நோட்டீசோடு சேர்த்து ஒட்டினார். அங்க அடையாளம் என்ற இடம் காலியாக இருந்தது. டாக்டரின் சீட்டு இன்னும் வரவில்லை.

இரண்டு அடி பின்னால் வந்து நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் மாடத்தி. பக்கத்துத் தாலுகாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மகன் வீட்டை விட்டுப் போய் எட்டு நாள் ஆகிறதாம். ஸ்டேஷனில் விசாரித்தபோது இங்கே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க எய்யா பாக்கணும்?"

பூவலிங்கம் போர்டைக் காட்டினார்.

அவள் மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போர்டின் முன்னால் போய் நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு மூச்சு விட்டாள்.

"இது என் பிள்ளை இல்லை."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"சாடை அப்படியே இருக்கு. கண்ணு கூட அவன் கண்ணுதான். ஒரு நிமிசம் என் உயிரே போயிட்டு. ஆனா என் பிள்ளைக்கு நாடியில வெட்டு இருக்கும்லா."

தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள்.

"ஏழு வயசுல குழாயடியில விழுந்தான். குடத்து விளிம்பு கிழிச்சிட்டு. தாடி விட்டு மறைச்சுப் பாத்தான். அந்த எடத்துல மட்டும் முடி முளைக்காது. கண்ணாடி முன்னால நின்னு திட்டுவான், பாவி."

"அப்படியா," என்றார் பூவலிங்கம்.

தண்ணீர் கேட்டாள். கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து, போர்டில் இருந்த முகத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"யாரு பெத்த பிள்ளையோ. அந்தத் தாய்க்குப் போய் யாரு சொல்லுவா?"

பிறகு பூவலிங்கத்திடம் திரும்பினாள்.

"நான் வாரேன் எய்யா. அவன் வந்து கதவைத் தட்டினா, ஆளு இல்லாம வாசல்ல நிப்பான்."

போனாள். வந்ததைவிட வேகமாகப் போனாள்.

பூவலிங்கம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பெண் உயிரோடு இருக்கிற ஒரு மகனோடு வீட்டுக்குப் போவாள். நாளைக் காலையில் இங்கே ஒரு பையனை ஓர் எண்ணைக் கட்டிப் புதைப்பார்கள். அவள் இருக்கிற வரைக்கும் தினமும் கதவைத் திறந்து பார்ப்பாள்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

அவள் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தைத் தாண்டிவிட்டாள்.

"அம்மா!" பூவலிங்கம் கத்தினார். "அம்மா, நில்லுங்க!"

அவள் திரும்பினாள். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"ஒரு நிமிசம் உள்ள வாங்க."

அவர் பைலைத் திறந்தார். கண்ட்ரோல் இசட். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தார். லேயர் பட்டியலைப் பார்த்தார். ஒரே ஒரு தாள்தான் இருந்தது. விசைப்பலகையைக் குத்திக்கொண்டே இருந்தார்.

ஜெபக்கனி உள்ளே வந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவள் வரும்போதே போர்டைப் பார்த்திருந்தாள். இப்போது திரையைப் பார்த்தாள். வாசல் ஓரம் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"என்ன எடுத்தீங்க?"

"தழும்பு."

"எங்க இருந்து?"

பூவலிங்கம் விரலால் தன் மோவாயைத் தொட்டார்.

மாடத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் பை தரையில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"திரும்ப வராதா டீச்சர்?"

"வராது."

"ஸ்டேஷன்ல போட்டோ இருக்குல்லா? அதைக் காட்டிருவோம்." அவர் குரல் கெஞ்சியது. "இல்ல, உள்ள கூட்டிட்டுப் போயே காட்டிருவோம்."

ஜெபக்கனி குரலைத் தாழ்த்தினாள்.

"பாதி முகம்தான் இருக்கு. அதைப் பாத்துட்டாங்கன்னா, இவங்களுக்குக் கடைசி வரைக்கும் அந்த முகம்தான்."

அவள் வரைபலகையை இழுத்து அவர் முன்னால் வைத்தாள். படத்தின் மேல் ஒரு புதுத் தாளைத் திறந்தாள். இத்தனை நாள் அவர் தொடக் கூடாது என்று வைத்திருந்த பேனாவை எடுத்து நீட்டினாள்.

பூவலிங்கம் கையை நீட்டினார். கை நடுங்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்தார். அதுவும் நடுங்கியது.

"இப்பப் பிடிங்க அண்ணாச்சி."

"நீங்களே வரைஞ்சிருங்க டீச்சர். எனக்குக் கோடு எப்படி இருந்துச்சுன்னு சரியா ஞாபகம் இல்லை."

"ஞாபகம் இருக்கிறவங்க பக்கத்துல இருக்காங்க."

மாடத்தி தானாகவே வந்தாள். நாற்காலியின் பின்னால் வந்து நின்றாள். அழவில்லை. விரலை நீட்டித் திரையைத் தொட்டாள்.

"இங்க."

அவர் வரைந்தார்.

"இன்னும் மேல. உதட்டை ஒட்டித் தொடங்கும்."

அழித்தார். மேலே வரைந்தார்.

"நேரா இருக்காது எய்யா. வளைஞ்சு போகும்."

கை நடுங்கி, கோடு தானாகவே வளைந்தது.

"ஆமா," என்றாள். பிறகு, "இவ்வளவு கறுப்பா இருக்காது. பழைய வெட்டுல்லா. மங்கிப் போயிருக்கும்," என்றாள்.

ஜெபக்கனி கையை நீட்டி, தாளை மங்கலாக்கும் பட்டையைக் காட்டினாள். பூவலிங்கம் அதை நகர்த்தினார். கோடு மங்கி, தோலுக்குள் போய், பதினெட்டு வருஷத்துப் பழைய தழும்பாக ஆனது.

மாடத்தியின் மூச்சு மட்டும் அவர் தலைக்கு மேலே கேட்டது.

கீறல்கள் இருந்தது அவருக்கே ஞாபகம் வந்தது. கோட்டின் குறுக்கே ஒன்று போட்டார். இரண்டாவது போட்டார். ஒவ்வொன்றுக்கும் அந்த முகம் யாரோ ஒருவனுடைய முகமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதைப் போட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணீர் மறைத்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"போதுமா டீச்சர்?"

"என்னைக் கேக்காதீங்க."

மாடத்தி குனிந்தாள். முந்தானையால் திரையில் அந்த மோவாயின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"நாலு தையல்லா போட்டாங்க," என்றாள். "ஒண்ணு விட்டுப்போச்சு, எய்யா."