மூன்று எண்ணும் நேரம்

"டீச்சர், புயலன்னைக்கு என் கம்ப்யூட்டர் திணறவே இல்ல. சவரி கூப்பிட்டிருப்பானே, பிறகு ஏன் எனக்குக் கேட்கல?"

கேட்டவன் இன்னாசி. வயது ஐம்பது. கடற்கரைக் கோபுரத்தில் அவனுக்கு வயர்லெஸ் வேலை கற்றுக்கொடுத்த கித்தேரிக்கு முப்பத்திரண்டு.

சவரி அவன் தங்கை புருஷன். புயல் ஓய்ந்து மூன்று நாள். பதினொரு படகு திரும்பிவிட்டது. சவரியின் படகு திரும்பவில்லை.

"என்ன செஞ்சீங்க அண்ணே? முதல்ல இருந்து சொல்லுங்க."

"படகுல இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டி சின்னது. காத்து, அலை, திரும்புற வழி, எல்லாத்தையும் மெதுவாத்தான் கணக்குப் போடும். எனக்கு அனுப்புங்கப்பா, கரையில நான் போட்டுத் தர்றேன்னேன்."

"நல்லதுதானே."

"பன்னிரண்டு படகுக்கும் ஒரே அலைவரிசை. இடம் பத்தல."

"ஒரே அடுப்புல பன்னிரண்டு உலை. அப்புறம்?"

அவன் தலை குனிந்தான்.

"ஒருத்தர் அனுப்பி முடிச்சா, மூணு எண்ணுற நேரம் யாரும் பேசக்கூடாதுன்னு பழக்கம் இருந்துச்சே. அதையும் கணக்கு அனுப்புறதுக்குப் படகுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துட்டேன்."

"அந்த நேரம் யாருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். பேட்டரி இறங்கினவனுக்கு. அவன் கூப்பிட்டா மெல்லிசாத்தான் கேட்கும். ஆனா ரெண்டு வருஷமா அதுல ஒருத்தரும் கூப்பிடலயே டீச்சர். காலியாத்தான் கிடந்துச்சு."

"வீட்லயும் உங்க தங்கச்சி பேச்சுக்கு நடுவுல மூச்சு விடுற இடைவெளியில நீங்க பேசிருவீங்கன்னு சவரி அண்ணன் சொல்லுவாரு."

இன்னாசி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"நான் கணக்குல எங்க தப்புப் பண்ணினேன்? அதை மட்டும் சொல்லுங்க."

கித்தேரி வயர்லெஸ்ஸைப் போட்டுச் சத்தத்தை முழுதாகக் கூட்டினாள்.

திரும்பிய படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. அலைவரிசை முழுக்கக் காலி. இரைச்சல் மட்டும் வந்தது.

ஜன்னலுக்குக் கீழே, உச்சி வெயிலில், அவன் தங்கை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரைச்சல் கேட்டதும் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் கேட்கணும் டீச்சர்?"

"மூணு எண்ணுங்க அண்ணே. பிறகு நிறுத்திரலாம்."

"ஒண்ணு," என்றான்.

இரைச்சல்.

"ரெண்டு."

தங்கை எழுந்து நின்றாள்.

கித்தேரி காத்திருந்தாள். இன்னாசி வாயைத் திறந்தான். மூடினான்.

வெயில் இறங்கியது. அவன் இன்னும் மூன்று சொல்லவில்லை.